விலகி உட்காராத மாதங்கள்

"உனக்கு எத்தனை வேணும் வள்ளி?"

"மூண்டு. நாலெண்டாலும் சரி."

"நாலுக்கும் என்னத்தைத் தீத்தப் போறாய்? மரவள்ளிக் கிழங்கையோ?"

"கிழங்கு தின்னுற வீட்டில பிள்ளையள் பிறக்கிறேல்லையோ அக்கா? சரி, உங்களுக்கு எத்தனை?"

"எனக்கு ஒண்டும் வேண்டாம். இவங்கள் இந்த ஊரை விட்டுப் போகுமட்டும் என்ர வயித்தில ஒரு புழு பூச்சியும் தங்கக்கூடாது எண்டு பிள்ளையாரிட்டச் சொல்லிப்போட்டன்."

"பிள்ளையார் பிரமச்சாரி. அவருக்கு உதுகள் என்ன தெரியும்? வேற ஆரிட்டயாவது சொல்லுங்கோ."

குணவதி ஈரக்கையால் வள்ளிநாயகியின் முதுகில் ஒன்று வைத்தாள். இருவரும் சிரித்தார்கள். தைப்பொங்கலன்று காலை, கெர்பாவ் ரோட்டு வீட்டின் பின்பக்கக் குழாயடியில் நடந்த பேச்சு அது. பொங்கலுக்கு அரிசி இல்லை. கிழங்கைச் சீவி, சர்க்கரை கிடைத்த அளவுக்குப் போட்டு, அதையே பொங்கல் என்று படைத்திருந்தார்கள். ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. சிங்கப்பூருக்கு அவன் வைத்த பேர் சியோனான்.

பிறகு வந்த மாதங்களில் வள்ளிநாயகி அந்தப் பேச்சை அடிக்கடி நினைத்துக்கொண்டாள். கேட்டவளுக்குக் கிடைக்காமல், வேண்டாம் என்றவளுக்குக் கிடைத்ததை நினைத்தல்ல. அன்று இருவரும் சிரித்த சிரிப்பைத்தான் நினைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு வரவில்லை.

வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு. முன் அறையில் வள்ளிநாயகியும் நடராசாவும். நடு அறையில் குணவதியும் பசுபதியும். அடுப்படி பொது. ஆண்கள் இருவரும் தஞ்சோங் பகார் ரயில் சாமான் கிடங்கில் கிளாக்கர் வேலை. இரண்டு பேருமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். வள்ளிநாயகி சண்டைக்கு முந்திய வருஷந்தான் தாலி கட்டிக் கப்பலில் வந்து இறங்கியவள். குணவதி மூத்தவள். அவளுக்கு ஒரு மகன் இருந்தான். குண்டு விழுந்த அந்த மாசி மாதத்தில் பயத்திலும் பட்டினியிலும் அவளுக்குப் பால் வற்றிப்போனது. டின் பால் எங்கும் கிடைக்கவில்லை. பக்கத்து மாடிவீட்டின் படிக்கட்டுக்குக் கீழே, மற்றவர்களுடன் பதுங்கிக் கிடந்த இடத்தில், பிள்ளை அவள் மடியிலேயே போய்விட்டான். அவள் வேண்டாம் என்று சொன்னதன் பொருள் வள்ளிநாயகிக்குத் தெரியும். பசுபதிக்கும் தெரியும். ஆனாலும் அவனுக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதை அவன் மறைத்ததில்லை.

அடுப்படிக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு ஒதுக்கு உண்டு. அங்கே ஒரு பாய், ஒரு பழைய போர்வை, ஒரு எனாமல் கோப்பை. மாதம் வரும்போது அந்த வீட்டுப் பெண்கள் அங்கேதான் விலகி இருப்பார்கள். பட்டணத்தில் எத்தனையோ குடும்பங்கள் இதை விட்டுவிட்டன. இவர்கள் விடவில்லை. ஒருத்தி ஒதுக்கில் இருந்தால் மற்றவள் இரண்டு வீட்டுக்கும் சமைப்பாள். அதனால் ஒருத்தியின் நாள் மற்றவளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆண்களுக்கும் தெரியும். பசுபதி வேலை முடிந்து வந்ததும் அடுப்படியை எட்டிப் பார்ப்பான்.

"இண்டைக்கு வள்ளியின்ர சமையலோ? சரி, கடல் தண்ணி குடிச்சுப் பழகினவைக்கு ஒண்டும் செய்யாது."

"உப்புத்தான் அண்ணை கடையில தாராளமாய்க் கிடைக்குது. அதையாவது வயிறு நிறையச் சாப்பிடுங்கோ" என்பாள் வள்ளிநாயகி.

மாசியில் வள்ளிநாயகி ஒதுக்குக்குப் போகவில்லை. பங்குனியிலும் போகவில்லை.

நடராசாவிடம் சொன்னபோது அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றான்.

"உண்மையாவோ?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"தலை சுத்துதோ உமக்கு?"

"சுத்துது."

"எனக்கும் சுத்துது" என்றான் அவன்.

தலை சுற்றாதவர்கள் அப்போது அந்த ஊரில் யார் இருந்தார்கள்? அது அவர்களுக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவன் எங்கோ அலைந்து ஒரு தேங்காயைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். அவள் அதை உடைத்துப் பாதியைக் குணவதிக்குக் கொடுத்தாள். குணவதி அந்த நேரம் ஒதுக்கில் இருந்தாள். தொடக்கூடாது என்று தேங்காய்ப் பாதியை நிலத்தில் வைத்து நகர்த்தினாள் வள்ளிநாயகி.

"எனக்கேன்? பிள்ளைத்தாச்சி நீ சாப்பிடு."

"உங்களுக்குத் தராமல் எனக்கு இறங்காது."

குணவதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல வாயைத் திறந்து, பிறகு தேங்காயை எடுத்துக்கொண்டாள்.

சித்திரையில் உத்தரவு வந்தது. சியாமில் புது ரயில் பாதை போடுகிறார்கள். அங்கே சாமான் கணக்குப் பார்க்கக் கிடங்கிலிருந்து ஒரு கிளாக்கர் போக வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெரிய கிளாக்கர் ஜெயரத்தினத்துக்கு. ஏற்கெனவே போனவர்களில் இரண்டு பேர் செத்த செய்தி வந்திருந்தது. ஜெயரத்தினம் கெட்டவர் அல்ல. இரவெல்லாம் தூங்காமல் இருந்துவிட்டுக் கடைசியில் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தார். மனைவி பிள்ளைத்தாச்சியாக இருப்பவனை அனுப்பக் கூடாது. ஆனால் இதை ஆண்களிடம் எப்படிக் கேட்பது? அவருக்குக் கூச்சம். மனைவியை அனுப்பினார்.

அந்த அம்மாள் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்து அடுப்படிப் பலகையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஒதுக்கு நேரே தெரியும். குணவதி பாயில் சுருண்டு படுத்திருந்தாள்.

"நீ கடைசியாய் எப்ப விலகி இருந்தனி வள்ளி?"

"தையில மாமி."

"தையிலயோ! நல்லது, நல்லது. நெத்தியைப் பாத்தவுடன நினைச்சனான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளுக்கு இன்னும் ஒண்டும் தங்கேல்லைப் போல" என்றாள்.

"அக்காவுக்கு இப்ப விருப்பமில்லை மாமி."

"ஓம், விருப்பமில்லாதவைக்குக் கடவுளும் குடுக்க மாட்டார்."

அவ்வளவுதான் விசாரணை. மறுநாள் மாலை ஜெயரத்தினமே வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"பசுபதி, உன்ர பேரைத்தான் குடுத்திருக்கிறன்."

பசுபதி தலையாட்டினான்.

"வயித்துப் பிள்ளையோட இருக்கிறவளின்ர மனுசனை அனுப்ப எனக்கு மனம் வரேல்லை. ஆனா உன்னை அங்கயே விட்டுவிட மாட்டன். வள்ளிக்குப் பிறந்த உடன நடராசா வந்து உன்னை மாத்துவான். ஆளுக்கு ஆள். ஜப்பான் துரையிட்ட நானே பொறுப்பேத்துச் சொல்லியிருக்கிறன். அவனும் சரி எண்டிட்டான்."

"எப்ப பிறக்கும்?" என்று கேட்டான் பசுபதி, வள்ளிநாயகியைப் பார்க்காமல் நடராசாவைப் பார்த்து.

"ஐப்பசி, கார்த்திகையில" என்றான் நடராசா. அவன் குரலில் நன்றியும் இருந்தது, வெட்கமும் இருந்தது.

குணவதி நடு அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைந்ததை வள்ளிநாயகி கண்டாள். சத்தம் வரவில்லை.

ஸ்டேஷனில் பசுபதி எல்லோருக்கும் கை காட்டினான். "வள்ளி, பிந்தாமல் பெத்துப்போடு என்ன! சியாமில உப்புக்குத் தட்டுப்பாடாம். நடராசா வரேக்க ஒரு பொட்டலம் கட்டி விடு." வண்டி நகர்ந்த பிறகும் குணவதி அழவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்தியபடி நின்றாள்.

வைகாசி நடுவில் ஒரு நாள் குணவதி குழாயடியில் மயங்கி விழுந்தாள். வள்ளிநாயகி பதறிப்போய் அடுத்த தெருவிலிருந்த மருத்துவச்சி உம்மு சல்மாவைக் கூட்டிவந்தாள். உம்மு சல்மா தமிழ் முஸ்லிம். அந்த வட்டாரத்தில் அவள் கையில் பிறந்த பிள்ளைகள் எல்லாச் சாதியிலும் எல்லா மதத்திலும் இருந்தார்கள். குணவதியைப் பாயில் கிடத்தி வயிற்றை அழுத்திப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா, நாலு மாசத்துக்கு மேல ஆச்சேம்மா. ஒனக்குத் தெரியாதா?"

வள்ளிநாயகி சிரித்தேவிட்டாள். "இல்லை அக்கா, இவ போன மாசமும் விலகி இருந்தவ. அதுக்கு முதல் மாசமும். நான்தான் சமைச்சுக் குடுத்தனான்."

உம்மு சல்மா குணவதியைப் பார்த்தாள். குணவதி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"சும்மாதான் இருந்தனான்" என்றாள் கடைசியில்.

"சும்மா எண்டால்?"

"வராமலே வந்தது எண்டு போய் இருந்தனான். அவருக்குத் தெரிஞ்சால் மருந்து எடுக்க விட மாட்டார். பிள்ளை வேணும் வேணும் எண்டு நிக்கிற மனுசன். அன்னாசிக்காயும் எள்ளும் திண்டு பாத்தன். கருஞ்சீரகம் அவிச்சுக் குடிச்சன். ஒதுக்கில கிடந்தால் ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம். கலைஞ்சு போன பிறகு எழும்பி வரலாம் எண்டு நினைச்சன்."

"போகலையாக்கும்" என்றாள் உம்மு சல்மா.

"போகேல்லை."

"பெரியவர் வந்த அண்டைக்காவது சொல்லியிருக்கலாமே அக்கா!" வள்ளிநாயகியின் குரல் உயர்ந்தது. "நீங்கள் சொல்லியிருந்தால் அண்ணை போயிருக்க மாட்டாரே!"

"வாய் வரை வந்தது. உன்ர மனுசனும் அங்க நிண்டவர். பெரியவர் நிண்டவர். ஒதுக்கில கிடந்து எல்லாரையும் ஏமாத்தினவள் எண்டு அத்தனை பேருக்கு முன்னால எப்படிச் சொல்ல? நான் சொன்னால் அடுத்தது உன்ர மனுசன்தானே. அதையும் நினைச்சன்."

உம்மு சல்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டின் கனத்தை இறக்கி வைக்கவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, வள்ளிநாயகியைப் பார்த்துச் சிரித்தாள். "நீயும் உண்டாயிருக்கேன்னு சொன்னியே தங்கச்சி. வா, வந்ததுக்கு ஒன்னையும் பாத்துட்டுப் போறேன். ரெண்டுக்கும் சேத்து ஒரே கூலி."

வள்ளிநாயகி படுத்தாள். உம்மு சல்மாவின் கை வயிற்றில் ஒரு இடத்தில் நின்றது, நகர்ந்தது, திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"கடைசியா எப்போ?"

"தையில."

"வாந்தி?"

"இல்லை. தலைச்சுத்து மட்டும்."

உம்மு சல்மா அவள் கால் எலும்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இது தண்ணிம்மா. உள்ள புள்ள இல்ல."

"எனக்கு நாலு மாசமாய் வரேல்லை."

"இந்தத் தேக்கா வட்டாரத்துல பாதிப் பொம்பளைங்களுக்கு வரல. சோறு இல்லாத ஒடம்புல ரத்தம் எங்கேருந்து வரும்? போன வாரம் ஒரு பொம்பளை, பேரன் எடுத்தவ, இந்த வயசுல உண்டாயிட்டேன்னு வெக்கப்பட்டுக்கிட்டு முக்காடு போட்டு வந்தா. ஒண்ணும் இல்ல, பட்டினின்னு சொன்னேன். அவ சந்தோஷமாப் போனா. ஒனக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

வள்ளிநாயகி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அந்த அறையில் இருந்த இரண்டு பெண்களையும் பார்க்க அவளால் முடியவில்லை. மாதக்கணக்காக அவள் கையை வைத்துப் பேசிய இடத்தில் யாருமே இருந்ததில்லை. அழுகை வந்தது. அதற்கு முன்னால் ஒரு பயம் வந்துவிட்டது.

நடராசா அன்று வேலையிலிருந்து வந்ததும் சொன்னாள். அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து நெடுநேரம் அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தான்.

"பரவாயில்லை. நாங்கள் இன்னும் கிழடாகேல்லை."

"அண்ணை சியாமில இருக்கிறார்."

"தெரியும்."

"பெரியவரிட்டச் சொல்ல வேணும்."

"என்னெண்டு சொல்லுறது? அவர் துரையிட்டப் பொறுப்பேத்துச் சொன்னவர். இப்ப பொய் எண்டு தெரிஞ்சால் முதல் அவருக்கு அடி. பிறகு எனக்கு. போன கிழமை ஒருத்தனை வெயிலில முழங்காலில நிப்பாட்டித் தலைக்கு மேல கட்டையைத் தூக்க வைச்சவங்கள். ஒரு மூட்டைக் கணக்குப் பிழைச்சதுக்கு." அவன் மூச்சை இழுத்தான். "கொஞ்ச நாள் பாப்பம். இப்ப உண்டானாலும் சரிதானே. நாள் கணக்குப் பிழைச்சுப் போச்சு, பிந்தித்தான் பிறக்கும் எண்டு சொல்லலாம்."

அப்படித்தான் அவர்கள் முயன்றார்கள். கல்யாணமான புதிதில் அவன் அவள் காதோரம் பேசிய பேச்சுக்கள் இப்போது இல்லை. வெளிச்சம் அணைந்ததும் ஒரு கடமையைப் போல நெருங்கினார்கள். முடிந்ததும் அவன் மன்னிப்புக் கேட்பவன் போல அவள் தலையைத் தடவுவான். தன் பங்குச் சோற்றில் பாதியை அவள் தட்டில் தள்ளுவான். அவள் உடம்பு எதற்கும் அசையவில்லை. காலையில் எழுந்ததும் கால் வீங்கியிருக்கும். ஆனியில் வயிறும் ஊதத் தொடங்கியது.

குணவதி தன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஜெயரத்தினம் வீட்டுக்குப் போய் வந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினாராம். "முதலே சொல்லியிருந்தால் பிள்ளை... இப்ப அவன் அங்கத்தைய கணக்கில ஏறிப்போனான். ஆள் போனால்தான் ஆள் வரலாம். வள்ளிக்குப் பிறக்கட்டும்" என்றாராம்.

இதை அவள் வள்ளிநாயகியிடம் சொன்னபோது இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வள்ளிநாயகிக்குப் பிறக்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். குணவதி அதைச் சொல்லவில்லை. வள்ளிநாயகியும் சொல்லவில்லை. கீரையில் பூச்சி இருந்த இலைகளையும் இப்போது எறிவதில்லை. பூச்சியை உதறிவிட்டு இலையைச் சட்டியில் போட்டார்கள்.

ஆடியில் ஜெயரத்தினத்தின் மனைவி வந்து வள்ளிநாயகியின் ஊதிய வயிற்றைப் பார்த்தாள்.

"கால் இப்படி வீங்கினால் ஆம்பிளைப் பிள்ளைதான். பாத்துக்கொண்டிரு."

"ஓம் மாமி" என்றாள் வள்ளிநாயகி.

அதுதான் அவள் சொன்ன முதல் பொய். அதற்கு முன் சொன்னதெல்லாம் அவள் நம்பிச் சொன்னவை. சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். குணவதி அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒதுக்கில் விரித்திருந்த பாய் சுருட்டப்பட்டுச் சுவரோரம் நின்றது. இரண்டு பேருமே இப்போது அங்கே போவதில்லை.

புரட்டாசியில் ரயில் கார்டு முகம்மது யூசுப் வந்தார். சியாம் எல்லை வரை வண்டியோடு போய்த் திரும்புகிறவர். தாட்டியான மனிதர், அன்று ஆளே பாதியாக இருந்தார். நடராசா வீட்டில் இருந்தான். குணவதி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பாத்தேன்மா. உசுரோட இருக்காரு. கண்ணால பாத்தேன், பேசுனேன்."

"எப்படி இருக்கிறார்?"

யூசுப் நடராசாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "கால்ல ஒரு புண்ணு. அங்க எல்லாருக்கும் இருக்கு. வாந்தி பேதி வேற. அவரு இருந்த கொட்டாயில பாதிப் பேர் இல்ல. சீக்கிரமா ஆளை மாத்தினாங்கன்னா தேறிடுவாரு. மழை புடிக்கிறதுக்குள்ள."

"நான் பிள்ளைத்தாச்சி எண்டு சொன்னீங்களோ?" என்றாள் குணவதி.

"எனக்கே இப்பதானேம்மா தெரியுது. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'வள்ளிக்குப் பொறந்துடுச்சா?'ன்னு. அதையே நாலு தடவ கேட்டாரு. வண்டி கெளம்பறப்பவும் கேட்டாரு."

யூசுப் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். குணவதி வாசலைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி வள்ளிநாயகியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் வள்ளிநாயகி தாங்கியிருப்பாள். அதில் ஒரு கேள்வி இருந்தது. கேட்காமல் அவள் உள்ளே போய்விட்டாள்.

"நாளைக்கு நான் போறன் எண்டு சொல்லப் போறன்" என்றான் நடராசா. "பிள்ளை பிறக்கும் மட்டும் ஏன் பாத்துக்கொண்டிருக்க? நானாய்ப் போறன் எண்டால் ஆர் மறிப்பான்?"

வள்ளிநாயகி அவனுக்குப் பழைய சட்டை ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள். மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவன் சொல்லவேண்டும் என்று கும்பிடுவதா, சொல்லக்கூடாது என்று கும்பிடுவதா என்று தெரியாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். மாலையில் அவன் வந்தான். செருப்பைக் கழற்றினான். அவளைப் பார்க்காமல் முகம் கழுவப் போனான்.

"சொன்னீங்களோ?"

"துரை இண்டைக்குக் கோபத்தில நிண்டவன். நாளைக்குச் சொல்லுறன்."

அவளுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து இறங்கியது. நிம்மதி என்றுதான் அதற்குப் பெயர். அந்த நிம்மதிக்காகத் தன்னையே கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. மறுநாளும் அவன் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை.

நடு அறையில் குணவதி முன்பு பிள்ளையைச் சபித்ததை வள்ளிநாயகி கேட்டிருக்கிறாள். இப்போது அவள் வயிற்றோடு பேசுவது சுவருக்கு இப்பால் கேட்டது. "அப்பா வருவார். கொஞ்சம் பொறு, நீ வாறதுக்குள்ள வந்திடுவார்." எந்தப் பிள்ளை வேண்டாம் என்று கருஞ்சீரகம் குடித்தாளோ அதற்கு அவள் தன் பழைய சேலையைக் கிழித்துத் துணி மடித்து வைத்தாள். வள்ளிநாயகி தனக்கென்று பங்குனியில் தைத்து வைத்த இரண்டு சின்னச் சட்டைகளையும் கொண்டுபோய் அந்தத் துணியோடு வைத்தாள். குணவதி அவற்றை விரித்துப் பார்த்தாள்.

"உனக்கு வேண்டாமோ?"

"எனக்கென்னத்துக்கு?"

"பெரியவர் வீட்டு மாமி கேட்டால்?"

குணவதி சட்டைகளைத் திரும்ப மடித்தாள். "வள்ளி" என்று கூப்பிட்டாள். வள்ளிநாயகி நின்றாள். "ஒண்டுமில்லை, போ" என்றாள் குணவதி.

அதன் பிறகும் இரண்டு மூன்று தடவை அப்படிக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சிராங்கூன் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு நாள், நடராசா வேலைக்குப் போன பிறகு, குணவதிக்கு வலி எடுத்தது. வள்ளிநாயகி வீங்கிய கால்களோடு தண்ணீரில் நடந்துபோய் உம்மு சல்மாவைக் கூட்டிவந்தாள். மத்தியானம் திரும்பும் முன் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். முயல்குட்டி அளவுதான் இருந்தது. அழுகை மட்டும் வீட்டை நிறைத்தது.

"பட்டினி கெடந்த வயித்துல இவ்வளவு தொண்டை எப்படி வந்துச்சோ" என்றாள் உம்மு சல்மா. பிள்ளையைத் துடைத்து, பங்குனியில் தைத்த சட்டையில் ஒன்றை மாட்டி, வள்ளிநாயகியின் கையில் கொடுத்தாள். "புடி. நான் போயி எல்லாத்தையும் கழுவிட்டு வரேன்."

வள்ளிநாயகி பிள்ளையை வாங்கினாள். சூடாக இருந்தது. கண் திறக்கவில்லை. வாய் மட்டும் எதையோ தேடித் தேடித் திரும்பி, அவள் மார்புச் சேலையில் முட்டி நின்றது. கைகள் தாமாகவே பிள்ளையை இறுக்கின.

"கதவைச் சாத்து" என்றாள் குணவதி.

"அக்கா, நீங்கள் கதைக்காதேங்கோ. படுங்கோ."

"சாத்து வள்ளி."

சாத்தினாள். மழைச் சத்தம் குறைந்தது. குணவதியின் முகத்தில் இரத்தமே இல்லை. தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து கையை நீட்டினாள். பிள்ளைக்காக நீட்டினாள் என்று நினைத்து வள்ளிநாயகி கிட்டப் போனாள். குணவதி பிள்ளையைத் தொடவில்லை. வள்ளிநாயகியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"இது பிறந்தது தெருவில ஒருத்தருக்கும் இன்னும் தெரியாது. சல்மா அக்காவிட்ட நான் கதைக்கிறன். அவ வாய் திறக்க மாட்டா."

"என்ன சொல்லுறியள்?"

"யூசுப் வந்திட்டுப் போன நாள் தொடக்கம் நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டிருக்கிறன். கேக்க வாய் வரேல்லை. நீயாய்ச் சொல்லுவாய் எண்டு பாத்தன். நடராசா சொல்லுவார் எண்டு பாத்தன். இனிப் பாக்க நாளில்லை." அவள் மூச்சு வாங்கினாள். கண் பிள்ளையின் மேல் போய், அங்கே நிற்க முடியாமல் திரும்பி வந்தது. "பெரியவர் வீட்டுக்குப் போ. போய், உனக்குப் பிள்ளை பிறந்திட்டுது எண்டு சொல்லு. குணவதிக்குச் செத்துப் பிறந்தது எண்டு சொல்லு. பால் நான் குடுப்பன், ஆருக்கும் தெரியாமல் குடுப்பன், பிள்ளை உன்ரதாய் இருக்கட்டும், கடைசி வரை உன்ரதாய் இருக்கட்டும். உன்ர மனுசனை அனுப்பு வள்ளி. என்ர மனுசனை எனக்குத் திருப்பித் தா."